யந்திரத்திற்கு நாடி பார்த்தவர்கள்

1974ஆம் ஆண்டுக் கோடையில் என் சித்தப்பாவின் அம்பாஸிடர் கார் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, மலைப்பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளில் ஏழெட்டைக் கடந்த மாத்திரத்திலேயே, எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு சின்னச் சுத்தியலால் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டுவது போன்ற ஒரு சப்தம் எழுந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது நின்றது. மிதித்தால் மறுபடி வந்தது. பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்று தாமே தீர்மானித்துக்கொண்ட சித்தப்பா, ஏரியில் படகு விட்டபோதும் அந்தச் செலவையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் மலையிறங்கியதும் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டறையின் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

பட்டறைக்காரரை ஊரார் பாய் என்றே அழைத்தார்கள். அவர் பானெட்டைத் திறந்ததும் ஸ்பானர் எதையும் கையில் எடுக்கவில்லை. மரப்பிடி போட்ட ஒரு முழ நீள ஸ்குரூடிரைவரின் நுனியை, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் விலாவில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் எலும்போடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டுக்கொண்டே போனார். பிறகு அதே ஸ்குரூடிரைவரால் ஸ்பார்க் பிளக்குகளின் தலையை ஒவ்வொன்றாக எஞ்சின் இரும்போடு இணைத்து, ஒரு சமயத்தில் ஒரு சிலிண்டரை மட்டும் ஊமையாக்கிப் பார்த்தார். அதன் பின் வாயைத் திறவாமல் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, “மலையடிவாரம் வரைக்கும் போய் வரலாம், மூணாம் கியர்லயே ஏத்துங்க” என்றார். ஏற்றத்தில் சப்தம் வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

“பேரிங் அடிச்சா இப்படி மணி மாதிரியா சார் கேக்கும்? இது இரும்பு அடிக்கிற சத்தம் இல்ல, நெருப்பு அடிக்கிற சத்தம்.”

தீப்பொறி விழும் நேரத்தை அமைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி, அதை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி இறுக்கி, இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வேறு பங்க்கில் பெட்ரோல் போடும்படி சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். இரும்பு, நெருப்பு என்று அவர் அநாயாசமாகப் பிரித்துச் சொன்ன அந்த இரண்டையும் வேறு வேறு என்று நிரூபிக்க, மேல்நாட்டு விஞ்ஞானிகள் பல வருஷங்கள் பாடுபட்டார்கள் என்பதும், அந்தப் பாட்டின் நடுவில் பூமண்டலத்துக் காற்றையே கெடுத்துவைத்தார்கள் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தன.

ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ‘நாக்’ என்றுதான் பெயர். குழப்பத்தின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது. மோட்டார் வாகனம் பிறந்த காலத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து வரும் தட்டல் என்றால் இரும்போடு இரும்பு மோதுவதாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தது இயல்பே. ஏனெனில் மோதக்கூடிய இடங்களுக்கு அன்று குறைவில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில், 1839இல் ஐஸக் பாபிட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த, வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த மெத்தென்ற உலோகத்தை உருக்கி ஊற்றி, நீலச்சாயம் தடவி ஓட்டிப் பார்த்து, சாயம் படிந்த மேடுகளைக் கையாலேயே சுரண்டிச் சமன்செய்வார்கள். அந்தப் பூச்சு தேயத் தேய இடைவெளி பெருகி, ஒவ்வொரு வெடிப்பிலும் ராட் கிராங்கின் மேல் விழுந்து அடிக்கும். இதைக் கண்டுபிடிப்பதற்கான உபாயம்தான் பாய் செய்துகாட்டிய, பிளக்கை ஊமையாக்கும் வித்தை: எந்தச் சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்தினால் அடி குறைகிறதோ அந்தச் சிலிண்டரின் பேரிங்தான் குற்றவாளி. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்தாலோ, பாரம் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து தம், தம் என்று ஒரு கனத்த ஓசை வரும். குளிர்ந்த எஞ்சினில் கலகலத்து, சூடேறியதும் அடங்கிவிடுவது சிலிண்டரில் தளர்ந்த பிஸ்டனின் சப்தம். கிராங்கின் வேகத்தில் சரிபாதியாக, தையல் மிஷின் போல இடைவிடாமல் டிக் டிக் என்பது டாப்பெட். இந்த ஓசைகளுக்கெல்லாம் அட்டவணை போட்டு அக்காலத்து மோட்டார் கைந்நூல்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. ஆனாலும் ஓசையைப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை. அது குருவின் பக்கத்தில் நின்று கேட்டுப் பழக வேண்டிய வித்தை.

தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதை அறியும் கலையை மனித வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர் வியன்னாவில் வைத்தியம் பார்த்த லியோபோல்ட் அவன்பிருக்கர். கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி அதில் மது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறியும் வழக்கத்தோடு வளர்ந்த அவர், நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் நூலாக எழுதினார். 1816இல் பாரிஸில் லென்னக் என்ற வைத்தியர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதன் ரப்பர்க் குழாய் முனையில் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி மெக்கானிக்குகளுக்கும் பின்னாளில் விற்றார்கள். ஆயினும் ஸ்குரூடிரைவரின் மரப்பிடியே போதும் என்று இருந்துவிட்டவர்கள்தாம் பெரும்பாலோர்.

இந்த அட்டவணைகளில் எதிலும் சரியாக அடங்காத ஓசை ஒன்று மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்துவந்தது. ஏற்றத்தில், பாரத்தில், எஞ்சின் சூடேறியிருக்கும்போது மட்டும் வரும். பிரித்துப் பார்த்தால் தேய்மானம் எதுவும் தென்படாது. ஃபோர்டு மாடல் டி காரின் ஸ்டியரிங் சக்கரத்தடியில் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. வலக்கைப் பக்கம் இருந்தது எஞ்சினின் வேகத்துக்கு, இடக்கைப் பக்கம் இருந்தது தீப்பொறி விழும் நேரத்துக்கு. ஏற்றத்தில் தட்டல் கேட்டால் இடக்கையால் பொறியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும், சமதளம் வந்ததும் முன்னுக்கு நகர்த்த வேண்டும் என்பது அந்நாளைய டிரைவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். அதாவது, இன்ன காரணத்தால் வருகிறது என்று தெரியாத நோய்க்குக் கைமருந்து மட்டும் தெரிந்திருந்தது. எஞ்சினுக்குள் படியும் கரியைச் சுரண்டி எடுத்தால் சில மாதங்களுக்கு ஓசை வராது என்பதும் அனுபவத்தில் தெரிந்திருந்தது. தலையைக் கழற்றிக் கரி எடுப்பது பட்டறைகளுக்கு நிரந்தர வருமானமாக இருந்தது.

காரணத்தைத் தேடியவர்களில் முற்பட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்ஸன். பொறி விழுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வது ஒரு கோளாறு, இந்தத் தட்டல் முற்றிலும் வேறொரு கோளாறு என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அவர் வேறுபடுத்தினார். அவருடைய மாணவர் ஹாரி ரிக்கார்டோ அதையே தம் ஆயுட்கால ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். பெட்ரோலின் தரத்தை அதன் எடையைக் கொண்டு தீர்மானித்து, இலேசானதே உயர்ந்தது என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், கனமான போர்னியோ பெட்ரோல்தான் தட்டலுக்கு அதிகம் தாக்குப்பிடிக்கிறது என்று அவர் கண்டார். 1919இல் அவர் நிர்மாணித்த ஈ35 என்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். எரிபொருளை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, தட்டல் காதில் விழும்வரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த அழுத்தம்வரை ஓசையில்லாமல் ஓடுகிறதோ அதுவே அந்த எரிபொருளின் யோக்கியதை. எஞ்சினைக் கொண்டு எரிபொருளைச் சோதிப்பது என்ற இந்தத் தலைகீழ் யோசனை, என் அபிப்பிராயத்தில், இந்தச் சரித்திரத்திலேயே தலைசிறந்தது.

அட்லாண்டிக்குக்கு அக்கரையில் இதே ஓசை ஒரு மானப் பிரச்சினையாக இருந்தது. ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரில் டெல்கோ கம்பெனியை நடத்திய சார்லஸ் கெட்டரிங், பாட்டரியால் தீப்பொறி தரும் முறையையும், கையால் கிராங்க் சுற்றும் தொல்லையை ஒழித்த ஸெல்ஃப் ஸ்டார்ட்டரையும் கடிலாக் கார்களுக்குச் செய்து கொடுத்தவர். 1912இல் ஸ்டார்ட்டர் வந்தது. தட்டலும் முன்னைவிட அதிகமாகக் கேட்டது. பழி பாட்டரிப் பொறியின் மேல் விழுந்தது. இதற்கிடையில் பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் தரும் சிறு எஞ்சின்களையும் அவர் விற்க முற்பட்டார். வீட்டில் பெட்ரோல் வைத்திருப்பதை இன்ஷூரன்ஸ்காரர்கள் விரும்பாததால் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டியிருந்தது. மண்ணெண்ணெயிலோ தட்டல் சகிக்க முடியாததாக இருந்தது. 1916இல் தம்மிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் என்ஜினீயரை அழைத்து, இதற்கு முடிவு காணச் சொன்னார் கெட்டரிங்.

மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை ஒளிக்கற்றையால் வரைந்துகாட்டும் கருவியை அமைத்துப் பார்த்தபோது, அழுத்தம் திடீரென்று துள்ளுவது பொறி விழுவதற்கு முன்பல்ல, விழுந்து நெருப்புப் பரவத் தொடங்கிய பின்பு என்று தெளிவாகத் தெரிந்தது. பாட்டரிப் பொறி நிரபராதி. ஆனால் நெருப்பு ஏன் அப்படித் துள்ளுகிறது? மண்ணெண்ணெய்த் துளிகள் சீராக ஆவியாகாததே காரணம் என்று அவர்கள் அநுமானித்தார்கள். பனிக்காலம் முடிவதற்கு முன்பே பூக்கும், சிவந்த அடியிலை கொண்ட ஒரு காட்டுச்செடி அவர்கள் நினைவுக்கு வந்தது. சிவப்பு நிறம் உஷ்ணத்தை இழுப்பதால்தான் அது முன்கூட்டியே பூக்கிறதென்றால், மண்ணெண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் அதுவும் சீக்கிரம் ஆவியாகாதா? ஆய்வுக்கூடத்தில் எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் அகப்படாமல், இருந்த அயோடினைக் கொட்டினார்கள். தட்டல் நின்றது! குதூகலத்தோடு சாயங்களை வாங்கிவந்து கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை; நிறமே இல்லாத அயோடின் சேர்மத்தைக் கலந்தால் மறுபடியும் தட்டல் நின்றது. காட்டுச்செடி பற்றிய தர்க்கம் முழுப் பொய். அதை நம்பிச் செய்த பரிசோதனையின் பலனோ பிரத்தியட்சம். விஞ்ஞானத்தில் இப்படியும் நடப்பதுண்டு.

அயோடின் விலையுயர்ந்தது, உலோகத்தையும் அரிப்பது. 1919இல் அனிலின் நன்றாக வேலை செய்தது; நாற்றம் தாங்கவில்லை. செலினியமும் டெலூரியமும் அதைவிடச் சிறப்பாக வேலை செய்தன. அவற்றின் நாற்றமோ அழுகிய பூண்டைப் போல உடம்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகாமல், சோதனைக்காரர்களை ஊராரிடமிருந்தே பிரித்துவைத்தது. தனிமங்களின் அட்டவணையில் எந்தத் திசையில் போனால் பலன் கூடுகிறது என்று பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தவர்கள், 1921 டிசம்பர் 9ஆம் தேதி டெட்ரா எதில் ஈயத்தை எஞ்சினில் விட்டார்கள். ஒரு அமெரிக்க காலனுக்கு ஏறக்குறைய 3 கன சென்டிமீட்டர் அளவே போதும் என்பது பின்னர் விற்பனைக் கணக்காயிற்று. 1923 பிப்ரவரி 2ஆம் தேதி டேட்டனில் ஒரு பங்க்கில் அது விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற கார்களும் அந்தப் பெட்ரோலில் ஓடியவையே. ஈயம் விஷம் என்பது ரோமாபுரிக் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதியாகையால், சரக்குக்கு ‘எதில்’ என்று ஒரு பெண்ணின் பெயர் போல் ஒலிக்கும் பெயரைச் சூட்டி, ஈயம் என்ற சொல்லையே மறைத்துவிட்டார்கள்.

வடமொழி வைத்தியத்தில் நோயின் மூலகாரணத்தை ஆராயும் பகுதிக்கு நிதானம் என்று பெயர். மாதவர் இயற்றிய நூலின் பெயரே மாதவ நிதானம். அதே சொல் தமிழுக்கு வந்து, அவசரமின்மை என்ற பொருளில் நம் வீடுகளில் புழங்கிக்கொண்டிருக்கிறது. டேட்டன்காரர்களுக்கு முதற்பொருளில் நிதானம் ஓரளவு கைவந்தது. இரண்டாம் பொருளில் அது அவர்களிடம் அறவே இல்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்ஸியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளிகள் புத்தி பேதலித்து, அவர்களில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்த மாத முடிவில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் மிட்ஜ்லி அந்தத் திரவத்தால் தம் கைகளைக் கழுவிக் காட்டி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார்; தமக்கே ஈய விஷம் ஏறி, முந்தைய வருஷம் வேலையை விட்டுவிட்டு வெயிலூரில் ஓய்வெடுத்தவர் அவர். பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் விற்பனை நிறுத்தப்பட்டது. 1926இல் மறுபடி தொடங்கியது. சாராயத்தைக் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது அவர்கள் அறியாததன்று. அதற்கு யாரும் காப்புரிமை வாங்கி லாபம் பார்க்க இயலாது என்பதுதான் விஷயம். நம் தேசத்தில் இன்று பங்க்குகளில் 20 சதவிகித எதனால் கலந்த பெட்ரோல் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வரும்.

தட்டலை அடக்க மருந்து வந்தாயிற்று; தட்டலை அளக்க ஒரு கோல் வேண்டியிருந்தது. ஒருவர் காதுக்குப் பலமாகக் கேட்பது இன்னொருவர் காதுக்கு இலேசாகக் கேட்டால் வியாபாரம் நடக்குமா? மிட்ஜ்லியும் அவருடைய சகாக்களும் செய்த துள்ளும் ஊசி என்ற கருவியைப் பற்றிப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிலிண்டரின் தலையில் ஒரு மெல்லிய தகடு; அதன்மேல் நிற்கும் ஓர் எஃகு ஊசி. தட்டல் வரும்போதெல்லாம் ஊசி துள்ளி மேலே இருக்கும் மின்முனைகளைச் சேர்த்துவைக்கும். மின்சாரம் கந்தக அமிலக் கரைசல் வழியாகப் பாய்ந்து அதைச் சிதைத்து வாயுவை உண்டாக்கும். அந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, இத்தனை கன சென்டிமீட்டர் தட்டல் என்று எழுதிக்கொள்வார்கள். ஓசையைப் படியால் அளந்தார்கள் என்றால் மிகையில்லை. 1926இல் கிரஹாம் எட்கர், ஐஸோ ஆக்டேன் என்ற, தட்டல் வராத திரவத்துக்கு நூறு என்றும், மேற்கு அமெரிக்காவின் ஒருவகைப் பைன் மரத்துப் பிசினிலிருந்து கிடைத்த, சொன்னமாத்திரத்தில் தட்டும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம் என்றும் வைத்து ஒரு அளவையை வகுத்தார். பங்க்கில் நாம் இன்று காணும் ஆக்டேன் எண் அதுதான். 1929 தொடங்கி விஸ்கான்ஸின் மாகாணத்து வாக்கெஷா கம்பெனி செய்துவந்த ஒற்றைச் சிலிண்டர்ச் சோதனை எஞ்சின், இன்றும் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்த மணியோசை எதிலிருந்துதான் வந்தது? ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பும் நெருப்பு, எரிந்த புகையால் முன்னாலிருக்கும் எரியாத கலவையை மூலையில் நெருக்கிக்கொண்டே போகிறது. நெருக்குண்டு சூடேறிய அந்தக் கடைசிப் பங்கு, நெருப்பு வந்து சேரும்வரை பொறுக்காமல் தானே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. உடனே சிலிண்டருக்குள் அடைபட்ட வாயு முழுவதும், நாவால் அடிக்கப்பட்ட மணியைப் போல, சாதாரணக் கார் சிலிண்டரின் விட்டத்துக்கு விநாடிக்கு ஆறாயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வு இரும்புச் சுவர் வழியாக நம் செவிக்கு வருவதால் இரும்பே அடிபடுவதாகத் தோன்றுகிறது. 1930களில் மஸாசூஸெட்ஸில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் இந்த அதிர்வை அளந்து ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்க விமான ஆராய்ச்சிக் கூடத்தார் விநாடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் காமிராவால் அந்த நெருப்பையே கண்ணால் பார்த்தார்கள். அஸ்தம்பட்டிப் பாய் இவர்கள் எவருடைய பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்புறத்தில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடிய பஸ்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் தட்டல் வராது. கரிவாயு அவ்வளவு சாது. அந்தச் சாதுத்தன்மையால் ஏற்றத்தில் பஸ்ஸும் ஏறாது. பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

ஈயத்தின் கதை முடிய நெடுங்காலம் பிடித்தது. பூமியின் வயதைக் கணிக்க ஈயத்தை அளந்துகொண்டிருந்த கிளேர் பேட்டர்ஸன், தம் ஆய்வுக்கூடத்துத் தூசியிலும் தண்ணீரிலும் அந்த ஈயமே நிறைந்திருப்பதைக் கண்டு, 1965இலிருந்து அதற்கெதிராகக் குரல் கொடுத்தார். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2021 ஜூலையில் அல்ஜீரியாவும் நிறுத்தியபோதுதான் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்திலிருந்தே ஒழிந்தது.

இதற்குள் காதின் வேலையும் கை மாறிவிட்டது. 1970களின் கடைசியில் டர்போ பொருத்திய பியூயிக் கார்களிலும், பின்பு ஸ்வீடன் தேசத்து சாப் கார்களிலும், எஞ்சினின் விலாவிலேயே ஒரு சிறு செயற்கைக் காதை முடுக்கிவைத்தார்கள். இன்றைய கார்களில், நசுக்கினால் மின்சாரம் தரும் ஒரு ஸ்படிகம், டிரேப்பர் அளந்த அதே ஆறேழாயிரம் அதிர்வை மட்டும் பொறுக்கிக் கேட்டு, கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது பொறியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மாடல் டி டிரைவர் இடக்கையால் செய்த அதே காரியம். இப்போது மட்டமான பெட்ரோல் போட்டாலும் பெரும்பாலும் மணியோசை வருவதில்லை. வண்டியின் இழுவை மந்தமாகி, மைலேஜ் குறைவதை வைத்துத்தான் சந்தேகமே எழுகிறது.

சென்ற வருஷம் என் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததன் பேரில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஸ்கானரைச் செருகிப் பார்த்து, “நாக் ஸென்ஸாருக்குக் காது கேக்குதான்னு பாக்கணும், சார்” என்றான். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கானரை என் கையில் கொடுத்து, பொறியின் நேரத்தைக் காட்டும் எண்ணைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஒரு சிறு சுத்தியலை எடுத்து, ஸென்ஸாருக்குப் பக்கத்தில் எஞ்சினின் விலாவில் டிங்கு டிங்கென்று தட்டத் தொடங்கினான். “குறையுதா சார்?” என்று கேட்டான். எண் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினான்.